எல்லாப் பெட்டிக்கும் எல்லாம் கேட்டது

ஆரப்பாளையத்தில் செல்போன் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மன்சூர், கடையை மூடிய பிறகு, சொந்தக்காரன் தவ்பீக் கப்பலூரில் தொடங்கிய சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். மண்ணின் ஈரத்தை அளந்து, கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பெட்டிகளைச் செய்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை. இன்று சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து பார்த்து வாங்க வருகிறவர்களும் கையை விரித்தால் கம்பெனி இல்லை. நாற்பதைத் தாண்டியவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

அவர்களுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். விவசாயி பால்பாண்டியின் தரிசில் சோதனைக்கு நட்ட பெட்டிகளில் எது எதனோடு பேசுகிறது என்ற படம். அங்கே மோட்டார் அறைக் கூரையில் ஒரு கருவி உண்டு. அதன் வழியே கப்பலூரிலிருந்தே கேட்கலாம். ஆனால் பேசப் பேச பேட்டரி தீரும். தண்ணீர் புகாமல் பசை ஊற்றி அடைத்த பெட்டி, மாற்றவும் முடியாது. அதனால் சிக்கனமாகக் கேட்க வேண்டும். ஒரு பெட்டி தன் காதில் விழுகிறவற்றைச் சொல்லும். அதற்கு எட்டாதவை எந்தப் பெட்டிக்கு எட்டுமோ அது மட்டும் அடுத்துப் பேசும். மற்றவை வாயைத் திறக்காது.

காலையில் அப்படித்தான் கேட்டான். ஒரே பெட்டி பேசியது. மற்ற எல்லாமே தனக்குக் கேட்கிறது என்றது.

அவ்வளவு பெரிய தரிசில் ஒரு மூலையில் பேசுவது மறுமூலைக்கு எப்படிக் கேட்கும்? மன்சூர் நம்பவில்லை. எல்லாப் பெட்டிகளையும் பேசச் சொன்னான். எல்லாம் அதையே சொல்லின. திரும்பக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான்.

தவ்பீக் எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ள, படம் வந்துச்சா?"

"வந்துரும்."

"பால்பாண்டி அண்ணன்ட்ட கேளேன்."

"வேணாம். பெட்டி கோளாறுன்னு ஊரு பூரா தமுக்கடிச்சுருவாரு."

மதியத்துக்கு மேல் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாகக் குரல் அடங்கியது. கடைசிப் பெட்டியும் அடங்கியபின் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

தரிசில் ஒரு பெட்டியும் இல்லை.

"வாங்க தம்பி," என்றார் பால்பாண்டி. "சொல்லணும்னு பாத்தேன், போன்ல சார்ஜு இல்ல. இன்னைக்கு உரத்துக்குக் கிடை போட ஆடு வருது. மிதிச்சுப்புடும்ல? விடியவும் அம்புட்டையும் பிடுங்கிப் பத்திரமா வச்சுட்டேன். ஒண்ணுகூட ஒடையல."

மோட்டார் அறையில், விரித்த உரச்சாக்கின் மேல், மண் துடைத்து, ஒன்றோடொன்று இடிக்கும்படி அடுக்கியிருந்தார். முதல் பெட்டி காலையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டது. அப்போதே கிளம்பியிருந்தால் உயிரோடு எல்லாவற்றையும் திரும்ப நட்டிருக்கலாம்.

"அண்ணே, ஆட்டுக்காரரக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

வருகிறவர்கள் கண்ணுக்காவது தெரியட்டும் என்று, செத்த பெட்டிகளை அள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினான். ஒன்றை நட்டான். இன்னொன்றை நட்டான். போன் அடித்தது.

"மாப்ள, திருநகர் தாண்டிட்டாங்களாம். படம் என்னாச்சு?"

"நட்டுக்கிட்டிருக்கேன்," என்றான் மன்சூர்.