விளிம்பில்லாத சரக்கு

முதலில் அவர் போடுவது பெட்டியின் முன்மூலையை. அதிலிருந்து கீழே ஒரு கோடு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றும் விழுந்ததும் பென்சிலை எடுத்துவிட்டு மூச்சு விடுவார். மீதி விளிம்புகளை அந்த மூன்றே இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று நம்பிக்கை. சாப்பாட்டு வேளையில், கிடங்கில் லாரிகள் வந்து நிற்கும் மேடையின் ஓரமாக, கிழித்தெடுத்த அட்டையொன்றை முழங்காலில் வைத்துக்கொண்டு வரைகிறார். பக்கத்தில் சோறு ஆறுகிறது.

வரைந்ததோடு முடிவதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரே திசையில் ஓடும் விளிம்புகளைப் பெட்டியைத் தாண்டியும் நீட்டிக்கொண்டே போவார். போகப்போக அவை நெருங்க வேண்டும். நெருங்கினால் தலையாட்டுவார். விலகினால் அட்டையைத் திருப்பிப் போட்டு, மறுபடி முன்மூலை. பெரும்பாலும் விலகத்தான் செய்யும். அவருடைய பெட்டிகளுக்குப் பின்பக்கம் பெருத்துப்போகிற வியாதி.

சுமை இறக்குபவர்கள் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"நாள் பூரா பெட்டியத் தூக்குறீங்க. சோறு திங்கிற நேரத்துலயும் பெட்டியாண்ணே?"

"வீட்டுல அக்கா பெட்டி கட்டிட்டாங்களோ என்னமோ!"

"இங்கதான்டா உக்காந்திருக்கேன்" என்பாள் அவர் மனைவி. அதே கிடங்கில் வந்த சரக்கைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுபவள். "கட்டுனா ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்புவேன்."

எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரிப்பார். பென்சில் அட்டையை விட்டு எழாது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முன்னால் நீண்ட இரண்டு இரும்புக் கரங்களால் சரக்கை ஏந்திக்கொண்டு போய் உயரத்தில் அடுக்கும் வண்டி. தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து ஓட்டுகிறார். ஒருநாள் காலையில் வலக்கண்ணுக்குள் மேலிருந்து ஒரு நிழல் இறங்கியது. அது அடிவரை இறங்கி முடித்தபின்தான் மருத்துவரிடம் போனார். "இது போனது போனதுதான். இன்னொண்ணப் பத்திரமா வச்சுக்குங்க" என்றார் மருத்துவர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரிவதில்லை. வீட்டில் தண்ணீரைச் சாய்த்தால் டம்ளருக்கு இந்தப் பக்கம் விழுந்தது. மாடிப்படியில் இல்லாத படிக்குக் காலை வைத்தார். தண்ணீரைத் துடைத்துவிடலாம். வண்டியை என்ன செய்வது?

மைத்துனன் அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிறவன். காரணத்தைச் சொல்லாமல், வரையக் கற்றுக்கொடு என்று அவனிடம் கேட்டார். அவன் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தான். "தூரத்தக் கோட்டுலதான் புடிக்கணும், மாமா. ஒரு கண்ண இறுக்க மூடிக்குங்க. ரெண்டு கண்ணும் தெறந்திருந்தா அது ஏமாத்தும்."

அவர் எதையும் மூடவில்லை. அவன் அதைக் கவனிக்கவுமில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் சுவர்களையும் ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் எங்கோ ஒரு புள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதன்பிறகு கோடுகளை நம்பித்தான் ஓட்டுகிறார். தரையில் அடித்த மஞ்சள் கோடு, அடுக்குத் தட்டுகளின் விளிம்பு, அட்டைப்பெட்டியின் மூலை. அவை எவ்வளவு சாய்கின்றனவோ அவ்வளவு தூரம். வலப்பக்கம் யாரும் வருகிறார்களா என்று கோழி மாதிரி கழுத்தை வெட்டி வெட்டிப் பார்க்கிறார். மேற்பார்வையாளருக்கு இந்த மெதுவோட்டம் பிடித்திருக்கிறது. "வயசு ஆக ஆக மனுசனுக்கு நிதானம் வருது பாருங்க" என்று மற்றவர்களிடம் சொல்கிறார். சரக்கு தட்டில் உட்காரும்போது ஒரு சத்தம் வரும். அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம், மனிதச் சத்தம், வருகிறதா என்று அவர் காத்திருப்பது மேற்பார்வையாளருக்குத் தெரியாது. வராது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"சொல்லிருங்க" என்கிறாள் மனைவி, வீட்டில்.

"சொன்னா?"

"வேற வேல குடுப்பாங்க."

"குடுப்பாங்க, தட்டுல வச்சு. என் முதுகுக்கு மூட்ட தூக்க முடியுமா? வண்டிய விட்டா எனக்கு என்ன தெரியும்?" அட்டையை அவள் பக்கம் நீட்டுவார். "இங்க பாரு. இன்னிக்கி எல்லாக் கோடும் நெருங்கிருச்சு."

அவள் பார்ப்பதில்லை. "வேல போயிருமோன்னு ஒங்களுக்குப் பயம். வண்டிக்கு முன்னால எவனாவது மாட்டிருவானோன்னு எனக்கு."

அவர் அட்டையைத் திருப்பிப் போடுவார். இன்னொரு பெட்டி வரைவார்.

சென்ற வாரம் ஒரு லாரி வந்தது. பெட்டிகள் இல்லை. பஞ்சுபோல் ஏதோ திணித்த பொதிகள், மொத்தமும் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றியவை. மூலை கிடையாது, விளிம்பு கிடையாது. இறக்கிப் போட்டபோது ஒன்றோடொன்று அமுங்கி, தரையின் மஞ்சள் கோட்டையும் மூடிக்கொண்டு ஒரே இருட்டாகக் கிடந்தன. அவர் வண்டியைத் திருப்பிக் கரங்களைத் தரையோடு தாழ்த்தினார். நகர்ந்தார். எதிரே கறுப்பு. கொஞ்சம் நகர்ந்தார். அதே கறுப்பு. அது பெரிதானதா, அப்படியே இருந்ததா, சொல்ல முடியவில்லை. கருநீல மேலங்கியில் மனைவி முதுகைக் காட்டிக் குனிந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். குவியலின் மறுகோடியில் நிற்கிறாள் என்பது அவர் கணக்கு.

பிரேக்கை மிதித்தார்.

"என்னண்ணே, நல்ல நேரம் பாக்குறீங்களா? வாங்க!" என்றது ஒரு குரல். இன்னொருவன் சிரித்தான். "பெட்டிக்காரருக்குப் பொதி புடிக்கல போலடா!"

அவர் வண்டியை அணைத்தார். இறங்கினார். குனிந்து இரும்புக் கரத்தை நுனிவரை தடவிக்கொண்டே நடந்து, அங்கே நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். இருட்டறையில் சுவரைத் தேடுகிறவர்போல. அத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில். சிரிப்பு நின்றுவிட்டது.

காலைத் தூக்கி ஓர் அடி வைத்தார். அந்த அடி முடியுமுன்பே கை மனைவியின் முதுகில் பட்டது.