பார்சலைச் சாப்பிட்டுக் காட்டும் காட்சி

மூன்று தடவை மாற்றி எழுதினேன். மூன்று தடவையும் பிழை என்றார் மேல்வீட்டு அக்கா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு வருடம் அரசியல் கைதியாகச் சிறையில் இருந்த அவருடைய கணவரின் கதையைத்தான் நான் நாடகமாக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கு அடுத்த மாடி அவர்களுடையது.

காட்சி இதுதான். மனைவி சிறைக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகிறாள். காவலர் சிங்களத்தில் "காலா பென்னன்ன", சாப்பிட்டுக் காட்டு, என்கிறார். கொண்டுவந்தவர் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் பார்சல் உள்ளே போகும். நான் அவளுடைய கையை நடுங்கவைத்தேன், கண்ணீர் விடவைத்தேன், பெரிய ஆள் மாதிரி.

"கை நடுங்கினதெண்டு ஆர் உமக்குச் சொன்னது? விடியக்காலமை வெளிக்கிட்டு வந்த பசி, பிள்ளை. நல்லாத்தான் சாப்பிட்டனான். அவர் கம்பிக்கு அங்காலை நிண்டு பாப்பார். ரொட்டியில நான் பிய்ச்ச பக்கத்திலயிருந்துதான் தானும் தொடங்குவார். அதுதான் எங்கட சாப்பாட்டு நேரம்" என்றார் அக்கா.

அக்காவின் கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பிணையில் வெளியே வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. வீட்டிலும் அக்கா முதலில் ஒரு வாய் வைக்காமல் அவர் எதையும் தொடுவதில்லை என்று அன்றுதான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் மகளுக்கு முதல் பிள்ளைப்பேறு. அண்ணை கிழமைக்கு ஒருமுறை பொலிஸில் கையெழுத்து வைக்கவேண்டும். கொழும்பை விட்டு அசைய முடியாது. அக்காவால் அண்ணையை விட்டு அசைய முடியாது.

"மகள் ஒவ்வொரு நாளும் போனில அழுறாள். நான் ரெண்டாப் பிளந்தே போறது?"

"போட்டு வாங்கோ அக்கா. அண்ணையை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அக்கா காலை ரயிலில் போனார். இடியப்பமும் சொதியும் மேலே கொண்டுபோய், அண்ணைக்கு முன்னால் நானே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். "நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளை. எனக்குப் பசியில்லை." பிளேன்டீ மட்டும் குடித்தார். மறுநாளும் அதேதான். அக்கா போன் எடுத்து, "சாப்பிட்டவரோ?" என்று கேட்டபோது "ஓம்" என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்.

மூன்றாம் நாள் அவரைத் தனியே விடப் பயமாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒத்திகை நடக்கும் மண்டபத்துக்கு என்னோடு கூட்டிப்போனேன். மத்தியானம் அந்தக் காட்சி வந்தது. மனைவியாக நடித்த பெண் ரொட்டிப் பார்சலைப் பிரித்தாள். காவலராக நடித்தவர் "காலா பென்னன்ன" என்றார். அக்கா சொன்னபடியே அவள் அழாமல், பசியோடு பிய்த்துச் சாப்பிட்டாள்.

கடைசி வரிசையிலிருந்த அண்ணை எழுந்து வந்தார். சிறைக் கம்பியென்று நாங்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு உட்பக்கம் போய் நின்று கையை நீட்டினார். அவள் பயந்துபோய்ப் பார்சலைக் கொடுத்தாள். அவள் பிய்த்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அழுகை வந்தது. சாப்பிட்டுவிட்டாரே என்ற நிம்மதியும் வந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் வந்தது.

அதற்குப் பிறகு மத்தியானமானால் அந்தக் காட்சிதான். மற்றக் காட்சிகள் அரைகுறையாகக் கிடந்தன. நடிகர்கள் முணுமுணுத்தார்கள். நாடகம் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள் மேடையேற இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா போன் எடுத்தார். "பேரன் பிறந்திட்டான், பிள்ளை. அவர் எப்பிடி, சாப்பிடுறாரோ?"

"ஓம் அக்கா. வடிவாச் சாப்பிடுறார்." இந்தமுறை அது பொய்யில்லை.

"நான் இல்லாமலோ?" அவர் சிரிப்பதும் அழுவதும் ஒன்றாகக் கேட்டது. "அப்ப அவருக்குச் சுகமாகியிட்டுது. முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும்வரைக்கும் நான் இஞ்சை நிக்கட்டே?"

"நில்லுங்கோ அக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டு, திங்கட்கிழமை மத்தியானமும் ஒத்திகை இருக்கிறது என்று நடிகர்களுக்குச் சொன்னேன்.