இடதுபக்கப் படுக்கை

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படிக்கலாம். ஆனால் இது நடந்தது. என் சித்தி மகளுக்கு நடந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். எடுத்ததற்கெல்லாம் பயப்படுகிற ஆளும் இல்லை, கதை கட்டுகிற ஆளும் இல்லை. அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

அது நீண்ட தூரப் பாய்மரப் படகுப் பந்தயம். புறப்பட்டுவிட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் கரையே கண்ணில் படாது. படகில் ஆறு பேர், ஆறு பேரும் பெண்கள். படுக்கையோ மூன்றுதான். பாரம் கூடினால் வேகம் குறையும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். மூன்று பேர் மேலே வேலை பார்த்தால் மூன்று பேர் கீழே தூங்குவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். ஒருத்தி எழுந்த படுக்கையில் அடுத்தவள் போய் விழுவாள். எழுந்து போனவளின் உடம்புச் சூடு போர்வைக்குள் அப்படியே இருக்கும். அந்தக் குளிரில் அதுதான் சொர்க்கம்.

நர்ஸுக்கு வாய்த்தது இடதுபக்கப் படுக்கை. அதில் அவளுக்குக் கூட்டாளி டெய்லர். கரையில் தையல் கடை வைத்திருந்தவள். படகில் கிழிந்த பாய்களைத் தைப்பவள். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. இரவில் சுக்கான் பிடிக்கும் வேலை முதலில் டெய்லருடையதாக இருந்தது. புறப்படும் நேரத்தில் கேப்டன் அதைப் பிடுங்கி நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

“மகராணி ஓட்டட்டும், ஓட்டட்டும்” என்பாள் டெய்லர், காதில் விழும்படியாக. “படகு ஸ்ட்ரெச்சர் மாதிரிதான் போகும்.”

“ரெண்டும் ஊசி பிடிக்கிற கை. குத்தாம இருக்குமா?” என்று கேப்டன் சிரித்து வைப்பாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை. வேலை முடிந்து நர்ஸ் கீழே இறங்கினாள். போர்வைக்குள் நுழைந்தவள் துள்ளி எழுந்தாள்.

சில்லென்று இருந்தது. ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

டெய்லர்தான் வேண்டுமென்றே கொட்டியிருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் சுருண்டு படுத்தாள்.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாள் தலையணையில் தலை வைத்த பள்ளம் தெரிந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் வைத்துக்கொண்டே கத்தினாள். “இன்னொரு தரம் படுக்கையை நனைச்சே, உன்னைக் கடல்ல தள்ளிட்டுத்தான் எனக்கு மறுவேலை!”

டெய்லர் பதிலுக்குக் கத்தவில்லை. அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

“நானா? நான் அதுல படுத்தே மூணு நாளாச்சு. பாய் மூட்டை மேலதான் கெடக்கேன். நான் எறங்கி வர்றப்பல்லாம் நீதானே தலையோட இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடக்கே? தட்டினாக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கறே.”

அது எப்படி முடியும்? டெய்லர் கீழே இறங்கும் நேரத்தில் நர்ஸ் மேலே சுக்கானில் நிற்பாள். பக்கத்தில் கேப்டன் நிற்பாள்.

“அந்தப் படுக்கையை விட்டுத் தொலைங்க” என்றாள் கேப்டன். “யாரும் கிட்டப் போகாதீங்க.”

அன்றைக்கு ராத்திரிதான் புயல் பிடித்தது.

மணி இரண்டு பத்து. நர்ஸ் சுக்கானில் இருந்தாள். முன்பாயை இறக்க டெய்லர் தவழ்ந்து போனாள். கேப்டனும் மற்றவர்களும் கீழே புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு ஜாக்கெட். இடுப்பில் ஒரு கயிறு. அதன் கொக்கியை, படகின் முன்னாலிருந்து பின்வரை ஓடும் ஒரு நாடாவில் மாட்டியிருப்பார்கள். கொக்கி இருக்கும்வரை, கடலில் விழுந்தாலும் ஆள் படகோடுதான் இருப்பாள்.

ஓர் அலை வந்தது. படகே முழுகி எழுந்தது.

சர்ர்ர்...

நாடாவில் ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. டக்! நர்ஸின் காலடியில் வந்து நின்றது. ஒரு கொக்கி. அதன் கயிறு விறைப்பாகக் கடலுக்குள் இறங்கியிருந்தது.

பாய்ந்து குனிந்தாள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது. ஈரமுடி முகத்தை மூடியிருந்தது. ஒரு கை கயிற்றைப் பிடித்திருந்தது.

“டெய்லர்! விட்டுடாதே! பிடிச்சுக்கோ!”

இழுத்தாள். கை எரிய எரிய இழுத்தாள்.

அப்போது... முன்பக்கமிருந்து ஒரு குரல்.

“நர்ஸ்! பாய் எறங்கிடுச்சு! அங்க யாரை இழுக்கறே?”

நிமிர்ந்தாள். முன்னால் ஓர் ஆரஞ்சு ஜாக்கெட் நின்றுகொண்டிருந்தது. டெய்லரின் உயரம். டெய்லரின் குரல்.

குனிந்தாள். தண்ணீரிலிருந்து அந்தக் கை இன்னும் ஒரு பிடி ஏறியிருந்தது.

“யாரு நீ? பேசு! வாயைத் தெறந்து பேசு!”

பேசவில்லை. கீச்சென்று ஏதோ... காற்றுதான்.

“ஏத்தாதே! படுக்கையில கெடந்தது அதுதான்! அறுத்துவிடு!”

கை ஏறியது.

“அறு!”

இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள்.

அறுத்தாள்.

டெய்லர் நடந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். “நல்ல வேலை செஞ்சேக்கா.”

ஒரு நாளும் அவளை அக்கா என்று கூப்பிட்டவள் இல்லை.

கயிறு ஒன்று போய்விட்டது என்று மட்டும் கேப்டனிடம் சொன்னார்கள். இடதுபக்கப் படுக்கையில் முதலில் டெய்லர்தான் படுத்தாள். “அது போயிடுச்சுக்கா, பயப்படாதே” என்றாள். அவள் எழுந்த பிறகு நர்ஸ் தயங்கித் தயங்கிக் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

கரை சேரும்வரை டெய்லர் குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. “ரெண்டும் ராசியாயிடுச்சா? இனிமே மழைதான்” என்றாள் கேப்டன். அந்த ஆறு நாளும் நர்ஸ் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைத்தான் அவளால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

கரையில் நல்ல கூட்டம். டெய்லர்தான் முதலில் இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அவரை உரசிக்கொண்டு போனாள். அவர் திரும்பவில்லை. அவளும் நிற்கவில்லை.

எல்லோரும் இறங்கியான பிறகு அவர் கேப்டனிடம் வந்தார்.

“எங்க வீட்டுக்காரி ஏன் இன்னும் எறங்கலை?”

“என்னங்க இது, இப்பத்தானே உங்களைத் தாண்டிப் போனா!”

“இல்லீங்களே... அஞ்சு பேர்தானே எறங்கினீங்க.”

சில நாள் கழித்து ஒரு மீன்பிடிப் படகு டெய்லரைக் கண்டெடுத்தது. ஜாக்கெட் அவளை மிதக்க வைத்திருந்தது. புயல் அடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான். உயிர் போனது அந்த ராத்திரியில்தான் என்றார் டாக்டர். இடுப்பில் தொங்கிய கயிறு பிய்ந்து போனதில்லை, கத்தியால் வெட்டியது.

அந்த ஜாக்கெட்டில் சின்னதாக ஒரு விசில் உண்டு. கடலில் விழுந்தால் ஊதுவதற்கு.

அது அவள் பற்களுக்கு நடுவில் இருந்தது. கடித்த கடியில் நசுங்கியிருந்தது.