எத்ராஞ்சே என்றால் அண்ணை

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், பின்னேரம் இரண்டு மணியானால் குதிரைகள் ஓடும். அது பழைய அமெரிக்கத் தொடர் ஒன்று. பிரெஞ்சில் குரல் கொடுத்து, வார நாட்களில் தொலைக்காட்சியில் போட்டார்கள். பாலைவனம், தங்கம் தோண்டுகிறவர்கள், கூண்டு வண்டிகள் எல்லாம் வரும். ஒவ்வொரு நாளும் வேறு கதை, வேறு மனிதர்கள். தொடக்கத்தில் மட்டும் வயதான ஒருவர் வந்து நின்று, இன்றைக்கு யாருடைய கதை என்பதை நிதானமாகச் சொல்லிவிட்டுப் போவார். அவர் பேசுவது எனக்குப் பாதிக்கு மேல் விளங்கும். அதற்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. காலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கோப்பை கழுவினேன். சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவே ஓர் ஆடுகதவு இருந்தது. அந்தப் பக்கம் பரிமாறுகிறவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எனக்கு, வாய் திறக்காமல் ஆறு மணித்தியாலம் நிற்பதைப்போல ஒரு தண்டனை இல்லை. என்னையும் பரிமாற விடச் சொல்லிக் கேட்டேன். சமையலறைக்குப் பொறுப்பான பெண்மணி, பிரெஞ்சு பேசப் பழகு, கோடை முடிய ஒரு நாள் விட்டுப் பார்க்கிறேன் என்றார்.

வகுப்புக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனேன். ஒரு வினைச்சொல்லை ஆறு விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. தமிழ்க் கடையில் எடுக்கும் நாடகக் கசெட்டுகளிலோ, மாமியார் ஒரு சூழ்ச்சி செய்து முடிக்க ஆறு மாதம் எடுக்கும். இந்தத் தொடரில் அரை மணித்தியாலத்துக்குள் ஒருவன் வந்து, சண்டை பிடித்து, திருந்தியோ செத்தோ போய்விடுவான். நேற்றுப் பார்க்காவிட்டாலும் இன்று விளங்கும். மடியில் ஒரு கொப்பியை வைத்து, கேட்ட வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். துவக்கை நீட்டிச் சொல்கிற வசனங்களையும் விடவில்லை. எது எப்போது உதவும் என்று யார் கண்டது.

கணவருக்கு அது நல்ல பகிடியாக இருந்தது.

"குதிரைக்காரரிட்டப் படிச்ச பிரெஞ்சுக்கு ஆர் உமக்கு வேலை தரப்போயினம்?" என்றார்.

"தருவினம். இருந்து பாருங்கோ," என்றேன்.

என்னிடம் இல்லாதது ஒரே ஒரு சொல்தான். முன்பின் தெரியாத ஆளைத் தமிழில் அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது. பிரெஞ்சில் ஐயாவுக்கு மெஸ்ஸியூ இருக்கிறது. ஆனால் அது வங்கிக் கடிதத்தில் வருகிற சொல், அதில் ஓர் ஒட்டு இல்லை. அந்தச் சொல்லைத் தொடரில் கண்டுபிடித்தேன். தூசி படிந்த ஒருவன் களைத்துப்போய்க் குதிரையிலிருந்து இறங்குவான். வீட்டுக்காரன் தண்ணீர் நீட்டி, வணக்கம் சொல்கிற மாதிரி, "பொன்ஜூர், எத்ராஞ்சே" என்பான். பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடும் கொடுப்பான். சாப்பாடு கொடுத்துக் கூப்பிடுகிற சொல் வேறு என்னவாக இருக்க முடியும்? எத்ராஞ்சே என்றால் அண்ணை என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அதற்கு அந்நியன் என்று அர்த்தம். குடிவரவுக் கடிதங்களில் எத்தனையோ தரம் அச்சாகி வந்த சொல்தான். காதில் விழுந்தபோது, அதுதான் இது என்று எனக்குத் தெரியவில்லை.

கோடை முடிந்து என் நாள் வந்தது. சூப் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஜன்னலோரம் தனியாக இருந்த எண்பது வயதுக்காரரிடம் முதலில் போனேன். மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "பொன்ஜூர், எத்ராஞ்சே" என்று சொல்லி, நன்றாகச் சிரித்தேன். கரண்டிச் சத்தங்கள் நின்றன. அவர் முகம் சிவந்துவிட்டது. பதினாறு வயதில் இத்தாலியிலிருந்து வந்து, ஆயுள் முழுக்க இந்த நகரத்தில் செங்கல் அடுக்கிய மனிதர் அவர். அந்தச் சொல்லை வேண்டிய மட்டும் கேட்டிருந்தவர். சூப்பை ஊற்ற முன்னமே என்னைத் திரும்பக் கழுவுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சொல்லின் அர்த்தத்தைப் பொறுப்பாளர் அங்கே வைத்துத்தான் சொன்னார்.

அன்று வீட்டில் தொலைக்காட்சியைப் போடவில்லை. வெட்கத்தைவிட எனக்குக் கோபம்தான் கூட. தண்ணீர் கொடுத்த அந்த வீட்டுக்காரர்கள் எல்லோர் மேலும் கோபம். அடுத்த நாள் இரண்டு மணிக்குத் திரும்பவும் போட்டேன். பேச வேண்டியது இன்னும் இருந்தது.

மூன்றாம் நாள் இடைவேளையில் கொப்பியோடு அந்த ஜன்னலோரத்து முதியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பாஷையில் உறவு சொல்லாமல் ஒருவரைக் கூப்பிட முடியாது, அப்படி ஒரு சொல் என்றுதான் நினைத்தேன் என்று விளக்கினேன். எங்கே படித்தாய் என்று கேட்டார். தொடரைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. அவர் வந்து இறங்கிய காலத்தில் அது வானொலியில் போனதாம். அதைக் கேட்டுத்தான் இங்கிலிஷ் பிடித்தாராம். வெடிச்சத்தம் கேட்கும், யார் செத்தது என்று மட்டும் தெரியாது என்றார். சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே பொறுப்பாளரிடம் போனேன். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போன பிரெஞ்சை அவர் முன்னால் கொட்டினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"நான் கதைச்சபடியால்தான் பிழை வந்தது. கதைக்காத ஆளுக்குப் பிழையே வராது. எனக்கு இன்னொரு நாள் தாங்கோ."

அவர் அந்த மனிதரைக் கேட்காமல் முடியாது என்று சொல்லி மண்டபத்துக்குள் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் ஈரக் கையோடு நின்றேன். இல்லை என்று வந்தால் நாளைக்கும் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

திரும்பி வந்து, முதியவர் சொன்னதை என்னிடம் சொன்னார். அவளையே அனுப்பு என்றாராம். இங்கே எல்லோரும் மெஸ்ஸியூ என்று சொல்லிக்கொண்டு என் தலைக்கு மேலால் பார்க்கிறார்கள், அவள் மட்டும்தான் முகத்தைப் பார்த்துப் பேசினாள் என்றாராம்.

எங்கேயாவது ஒரு மூலையில் நின்று அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் சூப் ஆறிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டு வண்டியைத் தள்ளினேன்.