பதினைந்தாவது குவளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ஒரு தை மாதம். ரங்கூனில் லான்மடாவ் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. நான் பள்ளிக்கூடத்து ஹாக்கி அணிக்குக் காப்டன். காப்டன் என்றால் சும்மா இல்லை; கடைக்கு உப்பு வாங்கப் போனால்கூட ஹாக்கி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் போவேன். வாய் மட்டும் அந்த மட்டையைவிட ஒரு முழம் நீளம். அந்த வாயால் வந்த வினைதான் நான் சொல்லப்போவது.

ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் ஹாக்கிப் போட்டி நடக்கும். முன்பெல்லாம் உயரத்தை வைத்துத்தான் பையன்களைப் பிரிப்பார்கள். ஒரு மூங்கில் கம்பில் கோடு போட்டு நட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் நிற்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வதில் நாங்கள் எல்லாரும் கைதேர்ந்தவர்கள். இந்தத் திருட்டுத்தனத்தை ஒழிப்பதற்காக அந்த வருஷம் புது விதி வந்தது. பன்னிரண்டு வயதுக்குள், பதினாலு வயதுக்குள், பதினாறு வயதுக்குள் என்று மூன்று பிரிவு, மூன்று கோப்பை. நாங்கள் பதினாலு வயதுப் பிரிவில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம்.

எதிர் அணி ஒரு பர்மியப் பள்ளிக்கூடம். அவர்களுடைய அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தோம். வலது ஓரத்தில் ஒருவன் ஓடினான் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று கோலையும் அவனே போட்டான். ஆட்டம் முடிந்து பக்கத்தில் போய்ப் பார்த்தால், மேலுதட்டில் கறுப்பாக மீசை அரும்பியிருந்தது. "இவனா பதினாலு வயசுக்குள்ள? இவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே இருக்கும்டா!" என்று நான் சொன்னதற்கு எங்கள் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக் கொடுத்த தெம்பில் நேரே போட்டிச் செயலாளரிடம் போய், மீசைக்காரனுக்கு வயது அதிகம் என்று புகார் கொடுத்துவிட்டேன்.

செயலாளர் வயதான வெள்ளைக்காரர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவர்களுடைய காப்டனையும் கூப்பிட்டு விசாரித்தார். அவன் மட்டும் இளைத்தவனா? என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியானால் இந்த நெட்டையனின் வயதையும் பாருங்கள் என்றான். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பெற்றவர்கள் வாயால் சொன்ன வயதுதான் என்று செயலாளருக்கும் தெரியும். அதனால் எங்கள் இரண்டு பேரையும் மறுநாள் ஜாதகத்தோடு வரச் சொன்னார். எனக்கென்ன பயம்? பதிவேட்டுப்படி எனக்கு வயது பதின்மூன்று. மீசைக்காரனின் குட்டு உடையப்போகிறது என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தாள். "ஆனந்த வருஷம், ஐப்பசி, வியாழக்கிழமை. அன்னிக்குப் பேய்மழை. மருத்துவச்சி தொப்பலா நனைஞ்சுக்கிட்டு வந்தா பாரு..." என்று ஆரம்பித்துவிட்டாள். அறுபது வருஷத்தின் பெயரும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனந்த, ராட்சச, நள, பிங்கள என்று சும்மா விரல் விட்டு எண்ணினேன். நடப்பு விபவ வருஷத்துக்கு வந்தபோது எண்ணிக்கை பதினைந்தில் நின்றது. மறுபடியும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் பதினாலு முடிந்து பதினைந்து நடந்துகொண்டிருந்தது.

அப்பாவிடம் ஓடினேன். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப ஒரு வயசு குறைச்சுத்தான் போட்டேன். எல்லாரும் செய்யறதுதானடா? நாளைக்கு உத்தியோகத்துக்குப் போனா ஒரு வருஷம் கூட இருக்கலாம்ல" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவைச் சொல்லியும் குற்றமில்லை. ஐந்து வயதில் என்னைச் சேர்க்கும்போது அவர் என் பென்ஷனை நினைத்தாரே தவிர, ஹாக்கியையா நினைத்தார்?

மறுநாள் மைதானத்துக் கொட்டகையில் கூடினோம். பர்மியர்களும் நம்மைப் போலவே பிள்ளை பிறந்ததும் ஜாதகம் எழுதி வைப்பார்கள், பனையோலையில். அதை அவ்வளவு லேசில் வெளியாள் கையில் கொடுக்க மாட்டார்கள். மீசைக்காரன் ஓலையைத் துணியிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் நெற்றிக்கு உயர்த்திவிட்டுத்தான் மேசைமேல் வைத்தான். ஒரு பர்மிய எழுத்தர் படித்துச் சொன்னார். பிறந்தது வியாழக்கிழமை. பதின்மூன்று முடிந்து பதினாலு நடக்கிறது. மீசைதான் அவசரப்பட்டுக்கொண்டு முன்னால் வந்திருக்கிறது! எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்து என் முறை. அங்கே எங்கள் பையன்களைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. எங்கள் ஹாக்கி வாத்தியார் ஆங்கிலோ இந்தியர். செயலாளர் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டி, நீதான் காப்டன் ஆயிற்றே, நீயே படித்துச் சொல் என்றார். கொட்டகைக்கு வெளியே எங்கள் பையன்கள் பத்துப் பேரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆடாவிட்டால் கோப்பை போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனந்த என்று கண்ணுக்கு நேரே எழுதியிருந்ததை ராட்சச என்று வாய் படித்தது; பதின்மூன்று முடிந்து பதினாலு நடக்கிறது என்று கணக்கும் சொன்னது. கிழமையை மட்டும் உள்ளபடி சொன்னேன். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் இறுதி ஆட்டம். கடைசி ஐந்து நிமிஷம் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை. பிறகு ஒரு பந்து என் மட்டைக்கு வாகாக வந்தது, அடித்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். எல்லாருக்கும் கழுத்தில் பதக்கம் போட்டார்கள். சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை.

கூட்டம் கலைந்தபோது மீசைக்காரன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் என்னடாவென்றால், "நீயும் வியாழக்கிழமைப் பிள்ளையாமே? வா, பயாவுக்குப் போயிட்டு வரலாம்" என்று பர்மிய மொழியில் கூப்பிட்டான். பயா என்றால் ரங்கூன்காரர்களுக்கு ஷ்வேடகோன் கோயில். அவனுடைய ஜாதக ஓலையை நாலு பேர் பார்க்க வெளியே எடுத்ததில் அவன் அம்மாவுக்கு மனசே ஆறவில்லையாம். பிறந்த கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வா என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். "உன் ஜாதகமும் வெளியே வந்துடுச்சே, நீயும் ஊத்திடு. உனக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது" என்றான். புகார் கொடுத்தது நான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எனக்காகக் கவலைப்படுகிறான். அவன் பின்னால் நடந்தேன்.

வெயில் தாழும் நேரத்துக்குப் படியேறினோம். பொன் கோபுரத்தைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. அங்கே ஒரு சின்னப் புத்தர் சிலை, தண்ணீர்த் தொட்டி, குவளை. முடிந்த வயதுக்கு வருஷத்துக்கு ஒரு குவளை, நடக்கிற வயதுக்கு இன்னொன்று. அதுதான் கணக்கு என்று சொல்லிக்கொடுத்தான். "எனக்குப் பதினாலு, உனக்கும் பதினாலு" என்று சொன்னபோது அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். முதலில் அவன் ஊற்றினான். பிறகு குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பர்மிய மொழியில் எண்ண ஆரம்பித்தான். தித், ஹ்னித், தோங்...

ஊற்றிக்கொண்டே வந்தேன். பதினாலு என்று எண்ணி முடித்து, குவளையை வாங்கக் கையை நீட்டினான். என்னால் கொடுக்க முடியவில்லை. கொட்டகையில் துரை முன்னால் கூசாமல் பொய் சொன்னவன்தான் நான். இங்கே யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒருவன் எண்ணிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். தொட்டியில் இன்னொரு தடவை முகந்து பதினைந்தாவது குவளையையும் ஊற்றினேன். ஊற்றும்போதே அழுதுவிட்டேன்.

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான், சிலையைப் பார்த்தான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், வாங்க வேண்டியவன்தான். அவன் அடிக்கவில்லை. முன்னே எண்ணிய அதே குரலில் பதினைந்து என்று மெல்ல எண்ணினான். பிறகு குவளையை வாங்கி, தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைத்தான். படியிறங்கிப் பிரியும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நானே ஜாதகத்தையும் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். கோப்பை அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. எங்கள் பையன்கள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பதிவேட்டில் வயதைத் திருத்தச் சொல்லிக் கேட்டதற்கு, எழுதினது எழுதினதுதான், போடா என்று விரட்டிவிட்டார் தலைமையாசிரியர். அதனால் அப்பா ஆசைப்பட்டபடியே பிற்காலத்தில் ஒரு வருஷம் கூடுதலாக உத்தியோகம் பார்த்தேன். அந்த ஒரு வருஷமும் நாற்காலியில் முள் இருந்தது போலத்தான் இருந்தது.

யுத்தத்தின்போது ரங்கூனை விட்டு வந்தோம். அம்மா கொண்டுவந்த ஒரே மூட்டைக்குள் அந்த ஜாதகமும் வந்தது. அறுபது வருஷச் சுற்று முடிந்து இப்போது மறுபடியும் ஆனந்த வருஷம். என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு அறுபதாம் கல்யாணம் அடுத்த வருஷம்தானே என்றார்கள் பிள்ளைகள். இல்லை, இந்த ஐப்பசிதான் என்று பிடிவாதம் பிடித்து நடத்திக்கொண்டேன். கலசத் தண்ணீரை எல்லாரும் எங்கள் தலையில் ஊற்றி முடித்ததும், நான் தனியாகக் கிணற்றடிக்குப் போய் ஒரு குவளையில் முகந்து முகந்து ஊற்றிக்கொண்டேன். அறுபது வந்ததும் கை தானாக இன்னொன்று முகந்தது. பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மருமகள் நினைத்திருப்பாள், நினைக்கட்டும். அந்தக் கடைசிக் குவளையை ஊற்றும்போது, என் பொய்யைக் கண்டுபிடித்த பிறகும் எனக்காக எண்ணுவதை நிறுத்தாத அந்த மீசைக்காரனின் குரல் என் பக்கத்தில் கேட்டது.