சாறு மட்டும்தான்

ஜெவ்தத் அண்ணனுக்கு எங்கள் உஸ்குதார் தெருவில் பூனையப்பன் என்று பெயர். கோஃப்தா என்ற கறியுருண்டை விற்கும் கடைக்காரர். யார் காத்திருந்தாலும் முதல் உருண்டை, கடை வாசலிலேயே குடியிருக்கும் கறுப்புப் பூனை ஜெய்தினுக்குத்தான். பூனைக்கு உப்பு ஆகாதாம், உருண்டையைக் குழாயில் கழுவித் தருவார். எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் என்னை ஒரு நாளும் அப்படி உபசரித்ததில்லை.

போன மார்ச்சில் ஜெய்தின் சோர்ந்து படுத்தது. மூன்றாம் நாள் காணவில்லை. மாடிவீட்டு மெலாஹத் அம்மாள், பூந்தொட்டியைக் கிளறுகிறது என்று அதைத் தினமும் விரட்டுகிறவர். அண்ணன் நடுத்தெருவில் நின்று அவர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

“விஷம் வச்சிட்டியே, பாவி! நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

அந்த அம்மாள் ஜன்னலில் ஏதோ சொல்ல வந்தார். கூச்சலில் கேட்கவில்லை. அப்புறம் ஒரு வாரம் அவருக்கு யாரும் சலாம்கூடச் சொல்லவில்லை. நானும்தான். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு கால்நடை மருத்துவர் ஃபிலிஸ் அண்ணன் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“ஜெய்தின் பிழைச்சிடுச்சு அண்ணே. ரத்தம் ஏத்தினோம். ரொம்ப நாளா வெங்காயம் தின்னிருக்கு. பூனைக்கு அது ரத்தத்தையே அழிச்சிடும்.”

“என் கோஃப்தாவுல வெங்காயமே கிடையாதும்மா! துருவிப் பிழிஞ்சு சக்கையைத் தூக்கிப் போட்டுடுவேன். சாறு மட்டும்தான்...”

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“சாறும் வெங்காயம்தாண்ணே. கறிக்குள்ள ஊறினதை எந்தக் குழாயில கழுவுவீங்க?”

“அதை யாரு கொண்டாந்தா?”

“மெலாஹத் அக்கா. படியில கிடந்துச்சுன்னு கூடையில தூக்கிட்டு ஓடியாந்தாங்க. சொல்ல வந்தவங்களைப் பேச விட்டீங்களா? இப்பவும் அவங்க வீட்டுலதான் இருக்கு.”

அண்ணன் ஏப்ரனோடு மாடி ஏறினார். நானும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

“அம்மா, அன்னிக்கு நான்...”

“தெருவே கேக்கத் திட்டினீங்க,” என்றார் மெலாஹத் அம்மாள். “மன்னிப்பை மட்டும் மாடியில வந்து கேக்குறீங்க.”

அண்ணன் தெருவில் நின்றே மன்னிப்புக் கேட்க, படியிறங்கத் திரும்பினார். அதற்குள் அவர் வாசனை பிடித்து ஜெய்தின் தள்ளாடி ஓடிவந்து கையை நக்கப் பார்த்தது. வெங்காயம் பிழிந்த கைகளை அவர் பின்னால் கட்டிக்கொண்டார். அது சுற்றி வந்து அந்த விரல்களையே தேடியது.