பூட்டிய வீட்டில் குடியிருந்தவள்

மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் கோயம்புத்தூரில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கொல்லிமலையில் அடித்த காற்றில் பலாமரம் ஒன்று முறிந்து என் வீட்டுச் சமையலறை மேல் விழுந்தது. ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தையெல்லாம் கொட்டிக் கட்டிய வீடு. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் மலையேறினேன். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆள் குடியிருக்காத வீட்டுக்கு இழப்பீடு கிடையாதாம். பாலிசியில் அப்படி ஒரு விலக்கு, பொடி எழுத்தில் இருந்தது. காலமெல்லாம் பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலைப் படித்துத் திருத்திய எனக்கே அதைப் படிக்க லென்ஸ் வேண்டியிருந்தது. கோபம் தலைக்கேறி நாமக்கல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன்.

வழக்கு நடந்த மழைக்காலம் முழுக்க, ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டியோடு ரசம் வைத்தேன். அழுகையாக வந்தது. தோற்றால் கூரை போட எனக்கு வேறு வழியில்லை.

வக்கீல் பொறுமைசாலி. "விலக்கு பொருந்தும்னு அவங்கதான் நிரூபிக்கணும் டீச்சர். வாசகம் தெளிவா இல்லேன்னா, எழுதினவங்களுக்கு எதிராத்தான் கோர்ட் எடுத்துக்கும். ஆள் குடியிருக்கணும்னுதான் போட்டிருக்கு, சொந்தக்காரர்தான் இருக்கணும்னு இல்ல. உங்க வீட்டுல யாராச்சும் இருந்தாங்களா?"

மோட்டார் சுவிட்ச் உள்ளே இருப்பதால், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து மிளகுக் காட்டுக்காரப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். அவளைக் கேட்டேன்.

"ஐயோ டீச்சருங்க, சுவிட்ச்சப் போட்டதோட சரி. அதுக்கு மேல ஊட்டுக்குள்ள ஒரு எட்டு வெக்கலீங்க!"

பச்சைப் பொய். சர்க்கரை டப்பா காலியாக இருந்தது, தலையணையில் மிளகு வாசனை அடித்தது. ஒரு நல்ல நாள் பார்த்துச் சண்டை போடலாம் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது என்னடாவென்றால், "உள்ளேதான் இருந்தேன்னு சொல்லும்மா" என்று நானே கெஞ்சுகிறேன். அவள் நம்பவில்லை. திட்டமாட்டேன் என்று பேத்தி மேல் சத்தியம் செய்த பிறகே சம்மதித்தாள்.

நீதிமன்றத்தில் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"தெனமும் மத்தியானம் சீரியல் பாப்பனுங்க. எங்க ஊட்டுல மிக்சி ரிப்பேருங்க, அதனால சட்னியெல்லாம் அங்கதானுங்க. மழை வந்தா மிளகு மூட்டையக் கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுட்டு ராத்திரி நானும் அங்கயே படுத்துக்குவனுங்க. டீச்சரோட பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு ஒரு கல்யாணத்துக்கும் போய்ட்டு வந்தனுங்க."

பட்டுச்சேலை விஷயம் எனக்குப் புதிது. எழுந்தே விட்டேன். வக்கீல் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இதுக்கெல்லாம் அவங்க அனுமதி குடுத்தாங்களா?" என்று மடக்கினார் கம்பெனி வக்கீல்.

"சாவியே குடுத்துட்டாங்களேங்க. அப்புறம் என்னத்தக் கேக்கறதுங்க?"

ஜெயித்துவிட்டேன். தீர்ப்பின் ஒரு பத்தியை மட்டும் மகளிடம் காட்டவில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்ன மனுதாரர், வேறெதையும் செய்யக் கூடாது என்று விலக்கி வைக்கவில்லை; கம்பெனியைப் போலவே அவரும் சொல்லாத நிபந்தனையைப் பின்னால் சேர்க்க முடியாது; ஆகவே அது ஆள் குடியிருந்த வீடுதான் என்று எழுதியிருந்தார்கள்.

கூரை போட்டாயிற்று. பேத்தியின் காதுகுத்துக்குக் கிளம்பும்போது காட்டுக்காரப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து, நிபந்தனைகளையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க கவலப்படாமப் போய்ட்டு வாங்க டீச்சருங்க. ஒரு நா விடாமக் குடியிருந்துக்கறனுங்க. இந்த வாட்டி எங்க ஊட்டுக்காரரையும் கூட்டியாந்துர்றனுங்க. கோர்ட்டுல ரெண்டு சாட்சின்னா கெட்டியா நிக்குமுங்க."